ஒற்றைக் கதவு

நிலாவரைக் கிணற்றின் படியில் சுரண்டியது
ஒரு தேக்கரண்டிப் பச்சை.
யோகட் கோப்பையில் இட்டு, மூடியில் திகதி எழுதி
மோட்டார்சைக்கிள் ஹாண்டிலில் கொழுவி
திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தோம்.

குறிப்பேட்டில் நான் எழுதினேன்:
சயனோபற்றீரியா. மேற்பரப்பில் முடி.
தர்மினி வெட்டிவிட்டு மயிர் என்று எழுதினாள்.
"முடி தலையில இருக்கும். இதுக்குத் தலை எங்க?"

கிண்ணத்தைக் கறுப்புத் தாளால் சுற்றி
ஒரு பக்கம் மட்டும் துளை விட்டோம்.
கால் இல்லை. வாலும் துடுப்பும் இல்லை.
உடம்பு முழுதும் ஒரு கண்வில்லை:
வெளிச்சம் முன்னால் விழ
முதுகுத் தோலில் ஒரு புள்ளி சுடர்கிறது,
சுட்ட பக்கம் அடங்கிப்போக
மற்றப் பக்கம் மயிர் நீள்கிறது.
எறி. ஒட்டு. இழு.
வாளிக்கயிறு மாதிரித்தான், ஆனால்
கயிற்றின் நுனி அசையாமல் நிற்க
இழுக்கிறவன் தான் நகர்ந்து போகிறான்.

மூன்றாம் நாள் துளையை நோக்கிப்
பச்சை விரல்கள்.
பக்கத்துக் கிண்ணத்தில், வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்து
வருசக்கணக்காய்ப் போத்தலில் வளர்ந்த இனம்
வைத்த வட்டத்திலேயே இருந்தது.
வெளிச்சம் தேடி வரும், சாப்பாடு தேடி வரும்,
பிறகெதற்கு மயிர்?

அடுத்த வேலை கடினம்.
கனாமைசினைத் தாங்கும் ஒரு மரபணுவை
நீரில் கரைத்து விட்டோம், எடுக்கிறதா பார்க்க.
மத்தியானம் விளக்கை அணைத்தோம். எடுக்கவில்லை.
விடிய அணைத்தோம். விரல்விட்டு எண்ணலாம்.
இவை காலையில் மயிரை முளைப்பித்து வைத்துக்கொண்டு
பின்னேர இருட்டுக்குக் காத்திருக்கிறவை.
அதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை,
எங்கோ யாரோ எழுதிவிட்டார்கள்.
எங்களுக்குச் செய்து காட்டியது மின்சாரசபை:
அந்த மாதம் எங்கள் பகுதிக்கு
ஆறிலிருந்து எட்டரை வரை வெட்டு.

தர்மினி போன் வெளிச்சத்தையும் அணைத்தாள்.
நுளம்பு. வியர்வை. குளிர்பெட்டி சொட்டும் சத்தம்.
கிண்ணத்துக்குள் மயிர்கள் வீசப்படும் நேரம்.
கிணற்றிலே என்றால் அகப்படுவது
பக்கத்தில் வெடித்துச் செத்த ஒன்றின் இழை.
யார், எப்படிச் செத்தது, கேட்பதில்லை.
இரட்டை இழையில் ஒன்றுதான் உள்ளே வரும்.
மற்றது வாசலிலேயே துண்டு துண்டாகிவிடும்.

அந்த இருட்டில் நான்
எங்கள் அறைக் கதவை நினைத்தேன்.

தொண்ணூற்றாறில் திரும்பி வந்தபோது
வீட்டில் நிலைகள் மட்டும் நின்றன.
யன்னலும் கதவும் ஓடும் போயிருந்தன.
அப்பா ஒருநாள் பின்னேரம், இருட்டுப்பட,
சைக்கிள் கரியரில் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்
இரட்டைக் கதவில் ஒரு பாதி.
மற்றப் பாதி எங்கே என்று அம்மா கேட்கவில்லை.
அடுப்புக்குப் போயிருக்கும்.
நிலைக்குப் பொருந்தவில்லை, பலகைத்துண்டு வைத்து அடித்தார்.

உள்பக்கம் பென்சில் கோடுகள்.
மிலானி, மூன்றடி ஐந்து.
மிலானி, மார்கழி, மூன்றடி ஏழு.
அதற்கு மேலே வெறும் மரம்.

நானும் அந்தக் கதவில்தான் அளந்து வளர்ந்தேன்.
ஏழு வயதில் அவளைத் தாண்டினேன்.
அன்று இனிப்பு வாங்கித் தந்தார்கள்,
எதற்கென்று எனக்கு விளங்கவில்லை,
பற்பசை நிறத்தில் ஒரு தோடம்பழ இனிப்பு,
இல்லை, நிறம் சரியாக ஞாபகமில்லை.

எட்டரைக்குக் கரண்ட் வந்தது.
மருந்திட்ட ஏகரில் பூசி வைத்தோம்.
ஒன்றரைக் கிழமையால் தர்மினி எண்ணினாள்:
நாற்பத்தொரு பச்சைப் புள்ளி.
நாற்பத்தொன்றும் நஞ்சின் மேல் இருந்து வளர்கின்றன,
எடுத்தது தன்னுடையதோ பிறத்தியாருடையதோ என்று
அவற்றுக்குத் தெரியாது.
தெரியவும் தேவையில்லை.

எனக்கு ஒரு பெயர் தெரியும்.
மார்கழியில் அவள் உயரமும்.